ஒன்றேகால் அடி

சோழிங்கநல்லூரில் ஒரு வீட்டுக்கு மோட்டார் லைன் இழுத்ததில்
மிச்சம் விழுந்தது ஒன்றேகால் அடி, முக்கால் இஞ்ச் பைப்.
பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.
மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிற பிளம்பர்
இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி பையைத் துழாவினால்
பைப் இல்லை. எல்போ ஒன்று குறைகிறது.
சொல்யூஷன் டப்பாவின் மூடி கோணலாக இருக்கிறது.
மோனிஷா குப்புறப் படுத்துத் தூங்குகிறாள்.
தூங்குகிறவளுக்குக் கால் கட்டைவிரல் ஆடாது.
ஆடியது.

மறுநாள் இருட்டினதும் கீழே இறங்கினேன்.
எல்போ கைப்பிடியாகி
அதன்மேல் பழைய ஹவாய் செருப்பின் வார் சுற்றி
தோளில் சாய்த்து நிற்கிறாள்.
"இன்னாடி இது?"
"லாஞ்சர்."
"ராக்கெட்டுன்னா பாட்டில்ல வெச்சி உடுவாங்க."
"பாட்டில் வானத்தைத்தான் பாக்கும்ப்பா.
எனக்கு எட்டாவது மாடி வேணும்."

எதிர் பிளாக், எட்டாவது மாடி.
கதவில் வேப்பிலை செருகி ஒன்பது நாள்.
உள்ளே கௌசிகா, இவளோடு ஒரே பெஞ்சு, அம்மை வார்த்திருக்கிறது.
பெரும்பாக்கம் லிஃப்ட் ஆடி மாசத்திலிருந்து
அசையாமல் நிற்கிறது.

நான் பிடுங்கியிருக்க வேண்டும்.
அப்பன் என்றால் பிடுங்குவான்.
ஆனால் எல்போ ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டேன்:
சொல்யூஷன் வழியாமல், முடி நுழைய இடமில்லாமல்.
என் ஹெல்ப்பர் டில்லிக்கு
நாலு வருஷமாக அது வரவில்லை.
"தள்ளி நின்னு பத்த வை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முதல் ராக்கெட் மூன்றாம் மாடிச் சுவரில் முட்டிச் செத்தது.
இரண்டாவது யாருடைய தலையணை உறையையோ
கறுக்க முத்தமிட்டது. யாரோ என் பரம்பரையை விசாரித்தார்கள்.
மூன்றாவது நமுத்துப்போனது, மழை ஈரம்.
நாலாவது
ஐந்து, ஆறு, ஏழு என்று மாடிகளை எண்ணிக்கொண்டே போய்
எட்டாவது ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நின்று
யோசித்தது போல இருந்தது.
பச்சை. பிறகு சிவப்பு.
கம்பிக்குப் பின்னால் கலாமைன் பூசின வெள்ளை முகம்,
வாய் மட்டும் கறுப்பாகத் திறந்திருந்தது.
சத்தம் எங்கள் வரை வரவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
மணி எட்டாகி நாலு நிமிஷம், வெடிக்கிற நேரம் முடிந்திருந்தது.
ஐந்தாவதை பள்ளிக்கரணைக் காற்று திருப்பிக்கொண்டு வந்து
போலீஸ்காரர் பைக் சீட்டில் இறக்கியது.
அவர் பைக்கில் இல்லை, பக்கத்தில் நின்று
டீ குடித்துக்கொண்டிருந்தார்.
அது எங்கள் நல்ல நேரம்.

"துப்பாக்கியா இது?"
"இல்ல சார், முக்கால் இஞ்ச்."
பைப்பைக் கண்ணில் வைத்து
இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு தடவை பார்த்தார்.
எதைப் பார்த்தாரோ, சிரிப்பை முழுங்கினார்.
சீட் கவருக்கு அறுநூறு. பைப் ஸ்டேஷனுக்கு.

பதினெட்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஸ்டேஷனிலிருந்து போன்.
பின்பக்கக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சுகிறது.
"பைப் வாங்கணும் சார், இன்னிக்குக் கடை லீவு."
ரைட்டர் அறை மூலையைக் காட்டினார்.
துருப்பிடித்த அரிவாள், ஒரு சைலன்சர்,
ஒரு சாக்கு நிறைய யாருடையதென்று தெரியாத செருப்பு,
நடுவில் நூலில் அட்டை கட்டித் தொங்குகிற
என் பென்சில் கோடு.
"இது போதுமா பாரு."

ஒரு விரல் நீளம் அறுத்தேன். எல்போவைத் தொடவில்லை,
அது அப்படியே வளைவில் உட்கார்ந்தது.
வால்வைத் திறந்தால்
முதல் பக்கெட் கறுப்பாக வந்தது.
"இன்னாய்யா நாத்தம்?"
"கொஞ்சம் ஓட உடுங்க சார், சரியாப்பூடும்."
அவர் போனதும் விரலை நனைத்து மோந்து பார்த்தேன்.
கார்த்திகை மாசத்தில், ஸ்டேஷன் கக்கூஸ் வாசலில்,
தீபாவளி.

கூலி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கிற இடமா.

வீட்டுக்கு வந்தால், இரண்டு பேரும் படியில்.
கௌசிகா முகத்தில் தழும்பு காய ஆரம்பித்திருக்கிறது.
"என் லாஞ்சரப் பாத்தியாப்பா?"
"பாத்தேன். தண்ணி உடுது."

மோனிஷா கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"எத்தினியாவது மாடிக்கு?"