பூட்டு

என் யெஸ்டிக்கு இருபத்திரண்டு வருடம் பூட்டு கிடையாது.
கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும்,
சாவி அதிலேயே இருக்கும். (சாவி என்ன சாவி, ஒரு ஆணி.)
எடுக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும்.
எங்கே, ஸ்டார்ட் பண்ணு, பார்ப்போம்.

கார்புரேட்டர் மொட்டை மூன்று தரம் அமுக்க வேண்டும்.
நாலாவது அமுக்கினால் பிளக் நனைந்துபோகும்.
பக்க மூடியைக் கழற்றி
பாயிண்ட்டின் இரண்டு உதட்டுக்கும் நடுவே
பிளேடு சுற்றிய தாளை விட்டு இழுக்க வேண்டும்:
பிடிக்க வேண்டும், கிழியக் கூடாது.
மழை பெய்திருந்தால் கண்டன்சருக்கு ஒரு தட்டு.
எட்டாவது உதையில் எடுத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

நான் அமீனா.
பையில் சம்மன், ஜப்தி உத்தரவு.
உசிலம்பட்டி, பேரையூர், கொட்டாம்பட்டி,
எந்த ஊரானாலும் எல்லைக் கல்லில் அணைந்துவிடும்.
நான் உதைக்கிற சத்தத்தில்
ஆட்டை ஓட்டுகிறவன் ஓட்டிவிடுவான்,
டிவியைப் பக்கத்து வீட்டில் வைக்கிறவன் வைத்துவிடுவான்.
போய்ச் சேரும்போது ஒரு பாய் இருக்கும்,
அதில் ஒரு பிள்ளை தூங்கும், அல்லது
தூங்குகிற மாதிரி கிடக்கும்.
"எடுக்கத்தக்க சொத்து ஏதுமில்லை"
என்று எழுதிக்கொண்டு திரும்புவேன்.
பாயிண்ட் தேய்ந்துவிட்டது என்றுதான்
எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

புது நாசர் மெமோ கொடுத்தார்.

முனிச்சாலை இஸ்மத்துல்லா டைனமோவைப் பிடுங்கி எடுத்தான்.
காந்தச் சக்கரம் ஒன்று ஏற்றினான்,
அதன் பக்கத்தில் சுண்டுவிரல் அளவு பிக்கப் காயில்,
சீட்டுக்கடியில் தீப்பெட்டி மாதிரி கறுப்பாக சி.டி.ஐ.
பிஸ்டனை உச்சிக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்தி
கோடு கீறினான். மூச்சுகூட விடவில்லை.
"இனிமே இதுல உரசுறது ஒண்ணும் இல்லண்ணே.
உரசினாத்தான தேயும்."
பழைய பாயிண்ட்டைப் பரோட்டா கட்டும் தாளில்
மடித்துக் கொடுத்தான்.

முதல் உதை. எடுத்துவிட்டது.
காலுக்கு நம்பிக்கை வரவில்லை.
அணைத்துவிட்டு இன்னொன்று உதைத்தேன்.
எடுத்தது.

அந்த வாரம் மூன்று ஜப்தி.
ஒரு டிவிஎஸ் 50, ஒரு ஹோம் தியேட்டர், ஒரு பிரிட்ஜ்.
பிரிட்ஜ்காரி என்னைத் திட்டவில்லை.
கதவைத் திறந்து மாவுச் சட்டியையும்
பாதி எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு
கதவைச் சாத்தினாள், மெதுவாக,
இனியும் அவளுடையது என்பது போல.

ஒன்பதாம் நாள் வேப்பமரத்தடியில்
எண்ணெய்த் திட்டு மட்டும் இருந்தது.
அண்ணாநகர் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்:
"ஏங்க, பூட்ட மாட்டீங்களா?"
என்ன சொல்ல.
நோய்தான் பூட்டு.
போன வாரம் குணமாகிவிட்டது.

மூன்றாம் நாள் கிடைத்தது.
வாடிப்பட்டி தாண்டி, நான்கு வழிச் சாலையில்,
அரளிச் செடிமேல் சாய்ந்து கிடந்தது.
டேங்கைத் திறந்து முகர்ந்தேன். வெறும் பெட்ரோல்.
கிக்கரை மடித்து கியராக்கத் தெரிந்தவனுக்கு
ஆயில் கலக்கத் தெரியாதா?
தெரிந்திருக்கும்.
பாக்கெட் வாங்கக் காசு இருந்திருக்காது.

"சீஸ் ஆயிருச்சுண்ணே" என்றான் இஸ்மத்துல்லா.
பைனான்ஸ்காரர்கள் என்னிடம் சொல்லும்
அதே சொல்.

இரண்டு பேர் ஏறி மிதித்ததில் கிக்கர் இறங்கியது,
மணலை அரைத்துக்கொண்டு.
பிளக்கைக் கழற்றி, சிலிண்டர்மேல் படுக்க வைத்து,
மறுபடி மிதித்தான்.
நீலம்.
உள்ளே எல்லாம் கீறிப் போயிருக்க,
நூல் பிசகாமல், குறித்த நேரத்துக்கு, நீலம்.

"கரண்டு சூப்பரா இருக்கு. போர் பண்ணி வர
பத்து நாளாச்சும் ஆகும், பரவால்லையா?"
கொட்டாம்பட்டி உத்தரவு பையில் இருந்தது:
ஒரு பீரோ, ஒரு கலர் டிவி.
அவசரமில்லை, நிதானமாகச் செய், என்றேன்.