இரண்டாம் கேட் நோட்டு

சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி
கண்ணாடிக் கட்டடம்.
அதன் இரண்டாம் கேட்டில் நான், ஜெயசுதா,
நீல யூனிஃபார்ம், எட்டாவது ஃபெயில்.
கையில் கொடுத்தது ஒரு நீள நோட்டு,
நூல் கட்டிய பேனா,
தலைப்பில் இரண்டு சொல்:
இன். அவுட்.

இந்த இரண்டை வைத்துப்
பன்னிரண்டு மணி நேரம் ஓட்டலாம்.
இன் என்றால் ஷூ சத்தம், சென்ட் வாசனை.
அவுட் என்றால் அதே ஆள்,
கசங்கின சட்டை.
ஜி.எச்.சிலிருந்து என் மச்சான் போன் பண்ணினபோது
அவனும் ஒரே சொல்தான் சொன்னான்:
"மாமா அவுட்டுக்கா."
அன்றைக்கு நேரம் எழுத எனக்குத் தோன்றவில்லை.

பெரிய சொல்லெல்லாம் காரில் போகும்,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.
ஒன்றிரண்டு காதில் விழும்,
ட்ரான்ஸ்ஃபர்மேஷன், அலைன்மென்ட்,
விழுந்த இடத்திலேயே செத்துப்போகும்.
சின்னச் சொல்தான் நின்று பேசும்.
எங்கள் சூப்பர்வைசர் வாயில் ஓகே ஒன்றே போதும்:
வந்துட்டியா, ஓகே.
நகரு, ஓகே.
தீபாவளிக்கு லீவு கிடையாது, ஓகே?

அப் என்றால் மேலே என்று
லிஃப்ட்டைப் பார்த்துக் கற்றிருந்தேன்.
ஐந்தாம் மாடி பாத்ரூம் கழுவுகிற குப்பம்மா கேட்டாள்,
"என்னை ஷட் அப்னு சொன்னானே ஒருத்தன்,
அதுல எங்கடி மேல?"
பதில் தெரியவில்லை.
டீ வாங்கிக் கொடுத்தேன்.

நோ பார்க்கிங். நோ என்ட்ரி. நோ ஃபோட்டோ.
எங்கள் செம்மஞ்சேரியில் நோவுது என்றால்
வலிக்கிறது.
மதில் முழுக்க நோவை எழுதி மாட்டி
அடியில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்,
சாயங்காலம் வீங்குகிற முட்டியோடு.

ரிஸ்வானா, மூன்றாம் மாடி.
தினமும் ஹாய் என்பாள்.
அந்த ஹாய்க்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது,
அதனால்தான் பிடிக்கும்.
செவ்வாய்க்கிழமை மதியம்
அட்டைப்பெட்டியோடு வந்தாள்.
"என்னம்மா, லீவா?"
"லே ஆஃப்க்கா."

வீக் ஆஃப் எனக்குத் தெரியும், புதன்.
டபுள் டூட்டி பார்த்தால் காம்ப் ஆஃப்,
தருவதாகச் சொல்வார்கள், அதுவும் தெரியும்.
லே ஆஃப் எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தாள்.
சிரிப்பு பாதி வழியில் திரும்பிக்கொண்டது.

பெட்டி போனால் பிரித்துப் பார்க்க வேண்டும், அது ரூல்.
கேமரா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.
பிரித்தேன்.
ஒரு கப். சார்ஜர்.
ஏசிக்குப் போர்த்திக்கொள்கிற சால்வை.
பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்,
வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது.
அந்த ரப்பர் பேண்டைப் பார்த்ததும்
பெட்டியை மூடிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டாள். அவுட், 3.10.
பேனாவைத் திருப்பிக் கொடுத்து,
"சோ..." என்றாள்.

அவர்கள் பேச்சில் சோ வந்தால்
பின்னாலேயே ஒன்று வரும்.
காத்திருந்தேன்.
வரவில்லை.
பள்ளிக்கரணைப் பக்கமிருந்து
மழைதான் வந்தது, சோவென்று,
அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டதுபோல.

ஷேர் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை.
என் கூண்டில் ஒருத்தி நிற்கத்தான் இடம்.
இரண்டு பேர் நின்றோம்,
பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து,
நோட்டை என் இடுப்பில் செருகி.
அவள் துப்பட்டா ஈரம் என் தோளில் ஊறியது.
நாலு மணி வரைக்கும் ஒன்றும் பேசவில்லை,
பிஸ்கட் மட்டும் தீர்ந்தது.

நோட்டுப்படி
அவள் மூன்று பத்துக்கே போயாச்சு.