உள்தையல்

கொசப்பேட்டையில் அம்மாவுக்கு
டைலரம்மா என்றுதான் பெயர்.
அவள் நோட்டில் தெருவே இருக்கிறது.
எஸ்தர் டீச்சர், மார்பு முப்பத்தெட்டு.
ஜமீலா அக்கா, கை தளர.
மாசமாயிருக்கும் குணவதிக்கு
உள்ளே இரண்டு இஞ்ச் விடு என்று
யாரும் சொல்ல வேண்டியதில்லை,
எல்லோருக்குமே விடுவாள்.
"பொம்பள உடம்பு, ஒரே மாதிரியா இருக்கும்?
நாளைக்குப் பிரிச்சிக்கலாம்."

எனக்கு மட்டும் விட்டதில்லை.

பதினோரு வயதில் தொடங்குகிறது என் பக்கம்.
இடுப்புக்கு மட்டும் சிவப்பு மை.
இருபத்து நாலு.
இருபத்தைந்தரை.
இருபத்தேழுக்குக் கீழே இரண்டு கோடு.
அந்த வருஷத் தீபாவளிச் சுடிதார்
அக்குளை அறுக்க அறுக்க
நின்றபடியே பண்டிகை கழிந்தது.
"புடிக்குதா? அப்ப கொஞ்சம் கம்மியா துன்னு."

நைனா ஒரு வார்த்தை கடிந்ததில்லை.
ஷூ கம்பெனி விடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில்
ஆம்பூரிலிருந்து பார்சலோடு வருவார்.
இலையைப் பிரித்து
கறியைத் தம்பி பக்கம் ஒதுக்கி
கத்திரிக்காயை என் பக்கம் தள்ளுவார், சிரித்துக்கொண்டே.
"உனக்கு இது லைட்டா இருக்கும்மா."
அந்தச் சிரிப்பிடம் எப்படிச் சண்டை போடுவது?
கத்திரிக்காயைத் தின்றேன்.
எல்லோரும் தூங்கியபின்
குப்பைக்கூடையில் மடங்கிக் கிடந்த இலையை
மெதுவாக, சத்தமில்லாமல், விரித்தேன்.
அது எந்த நோட்டிலும் இல்லை.

போன மே மாதம்
காட்பாடி ரோட்டில் தார் செருப்போடு வந்த மதியம்
அம்மா தன் பச்சை ஜாக்கெட்டை மடியில் போட்டாள்.
"கண்ணு மங்குது. நீ பிரிச்சி விடு.
குடியாத்தம் கல்யாணத்துக்குப் போட்டுக்கணும்."
பிளேடால் நூலை அறுத்தேன்.
உள்ளே துணி இல்லை.
ஓரம் வரைக்கும் வெட்டித் தைத்திருந்தாள்
தனக்கு.

கேட்கவில்லை.
அவளும் வாயிலிருந்த ஊசியை எடுக்கவில்லை.
கூடையைக் கிளறியதில்
மஞ்சள் துண்டு ஒன்றுதான் கிடைத்தது.
இரண்டு அக்குளுக்கும் ஒட்டுப் போட்டேன்.

பந்தியில் பாயச வாளி தாண்டிப் போகும்போது
அம்மா கையைத் தூக்கிக் கூப்பிட்டாள்.
பச்சைக்குள்ளிருந்து மஞ்சள் தெரிந்தது,
முழுசாக.
இலையில் ஊற்றச் சொன்னாள், இன்னொரு கரண்டி.
வழித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.
"உனக்கும் ஊத்தச் சொல்லட்டா?"

வாளி எனக்காக நின்றது.

"லைட்டா" என்றேன்.