காலணிக்குள் வில்லைகள்

ஒரு பீப்பாய் நிரம்பினால் ஒரு தகர வில்லை.
ஹெர்ரிங் மீன் அடுக்கும் பெண்ணின் ரப்பர் காலணிக்குள்
மேஸ்திரி அதைப் போட்டுவிட்டுப் போவான்.
வீடு திரும்ப நடக்கையில் சத்தம் கேட்கும்:
அவளுடைய கூலி.

ஸ்டெய்ன்வோர் இதைப் பதினோரு வருடம் எழுதினாள்.
வட ஐஸ்லாந்தின் உப்பு ஏறிய பேரேடுகளில்
‘பெண், 14’ என்று மட்டும் இருந்தவர்களில்
நாற்பது பேருக்குப் பெயர் கண்டுபிடித்தாள்.
நாற்பத்தொன்றாவது பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது
கட்சிக்காரர்கள் காப்பிக்கு அழைத்தார்கள்.

முதல் மேடையில் ஒரு படகுக்காரர் கேட்டார்:
‘உன் புத்தகத்தில் ஆண்கள் எங்கே?’
‘பேரேட்டை எழுதியது அவர்கள்தான்’ என்றாள்.
தோற்றாள்.
அடிக்குறிப்பு இல்லாமல் பேசப் பழக
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

இப்போது ரெய்க்யவிக்கில், கல்வி அமைச்சர்.
மேஜையில் ஒரு கோப்பு: ஹ்வால்நெஸ் பள்ளி,
மாணவர் ஒன்பது, கூரை ஒழுகல், மூடப் பரிந்துரை.
கூடவே ஊரார் மனு.
மனுவை விட்டுவிட்டுக் கையெழுத்துகளை வாசிக்கிறாள்.
பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் ஒரே கை.
கடைசியில் பென்சிலில் யாரோ ஒரு சிறுமி
பெயரை எழுதிவிட்டு அழித்திருக்கிறாள்.
விளக்கடியில் சாய்த்தால் பள்ளம் தெரிகிறது:
யோஃப்ரிதுர்.

செயலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
எண்கள் சரிதான். அவளே இருமுறை கூட்டிப் பார்த்தாள்.

கையெழுத்திட்டாள்.
பிறகு யாரும் கேட்காத ஒன்று:
அழிந்த பெயரை ஓரத்தில் மையால் எழுதி,
தேதியைத் தெளிவாகப் போட்டு,
கீழே தன் முழுப்பெயர், பதவி.

நாளை தேடி வருகிறவள் எவளானாலும்
மூடியது யாரென்று
பதினோரு வருடம் அலையக் கூடாது.