சில்லறை

சில்லறை என்று பெயர் வைத்தது சிக்கந்தர்.
இலை விழுந்தாலும் நாலு பக்கமும் சிதறுகிறாளாம்.

மூன்று வயதுப் பெட்டை.
முதல் நாள் வயிற்றை உப்பிக்கொண்டு நின்றாள்.
வாரை இறுக்கி நான் நிமிர்வதற்குள் மூச்சை விட்டாள்.
சேணம் சரிந்து
மேலே கட்டிய மணல்மூட்டை
ஆற்றில் அவிழ்ந்தது.
எது நான் கொண்டுவந்த மணல்,
எது வைகையுடையது,
தெரியவில்லை.

நரி பரியான ஊர் இது.
அந்தப் பரிகளைப் பழக்கியது யார் என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

இன்று, பதினேழாம் நாள்,
மூட்டை இருந்த இடத்தில் நான்.

செல்லூர்க் கரையில் காயப்போட்ட சேலைகளுக்கு
ஒரு முறை நின்றாள்.
ஆகாயத்தாமரைக்கு ஒரு முறை.
தன் நிழலுக்கு இரண்டு முறை.
கயிற்றின் மறுமுனையில் சிக்கந்தர்
பற்றவைக்காத பீடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆறே முக்காலுக்கு
வைகைக்கு மேலே வைகை போனது.
பாலத்தின் அதிர்வு
அவள் விலா வழியாக
என் முழங்காலுக்கு வந்தது.
காதுகள் இரண்டும் பின்னால் திரும்பி
என்னைக் கேட்டன.

நான் குதிகாலால் அழுத்தவில்லை.
லகானை இழுக்கவில்லை.
பொறுமை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
பயத்தில் எதுவுமே ஞாபகம் வரவில்லை.

கடைசிப் பெட்டியும் போனபிறகு
இருவரில் யாரோ மூச்சை விட்டோம்.
"இறங்கிடுறீங்களா மேடம்?" என்றார் சிக்கந்தர்.

சில்லறை தலையைத் தாழ்த்தி
மணலை முகர்ந்தாள்,
தும்மினாள்.
பிறகு, நான் கேட்காமலேயே,
பாலத்தின் நிழலுக்குள்
முன்னங்கால் ஒன்றை மட்டும்
வைத்துப் பார்த்தாள்.