பதிவேட்டில் ஒரு கட்டம்

பூம்பாறைத் தொடக்கப்பள்ளியில்
நூலகம் என்பது
கதவு முழுதாக மூடாத பச்சைப் பீரோ.
மழை மாதத்தில் அட்டைகள்
அப்பளமாய் நெளியும்.

மூன்றாம் வகுப்பு செல்வமலர்
வால் தொலைத்த அணிலை
எடுத்துப்போன வெள்ளிக்கிழமையே
அவள் வீடு
பூண்டு மூட்டைகளோடு
வடுகபட்டிக்கு இறங்கிவிட்டது.

‘திரும்பியது’ கட்டம்
ஐந்து வாரம் சும்மா கிடந்தது.

நேற்று மதியப் பேருந்தில் வந்தது,
செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டி.
பிரித்தால் பூண்டு நெடி.
பதினொன்றாம் பக்கத்தில்
ஒரு பயணச்சீட்டு.
செல்வமலர் தாளின் காதை மடிப்பவள்,
சீட்டு வைப்பவள் அல்ல.

நடத்துனர் இன்னும் போகவில்லை.
பேருந்து உறுமிக்கொண்டிருக்க
வாசலிலேயே நின்றார்.
“டீச்சர், கடைசி வளைவு வர்றதுக்குள்ள
முடிக்க முடியல.
வால் கெடச்சுதா?”

கையெழுத்துப் போடச் சொல்லி
பதிவேட்டை நீட்டினேன்.