நான்கு எச்

டிராலிபஸ் வளைந்து திரும்பிப் போகிற கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால்
பார்டுபிட்சே நகரத்தின் ஓரத்தில்
கார்க் கதவுகளுக்குச் சாயம் பூசும் தொழிற்சாலை.
அதன் சோதனை அறையில்
இருபது பென்சில்கள் உள்ள ஒரு தகரப் பெட்டிக்கு
நான் பொறுப்பு.
வரைவதற்கு அல்ல.
கீறுவதற்கு.

உள்ளே இருப்பது ஈயம் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
கிராஃபைட்டும் களிமண்ணும்.
மண் கூடினால் இறுகி வெளிறும், அது எச் பக்கம்.
கிராஃபைட் கூடினால் குழைந்து கறுக்கும், அது பி பக்கம்.
நடுவே பள்ளிக்கூடம் போகிற எச்பி.
அதற்கும் எச்சுக்கும் இடையில்
மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளாக
ஒட்டி உட்கார்ந்திருக்கும் எஃப்.

குழைவானதற்குத் தடித்த உடம்பு வேண்டும்.
இல்லையென்றால் முதல் கோட்டிலேயே ஒடியும்.
மேலாளர் குபாட்டின் சட்டைப்பையில் இருப்பது
புள்ளி மூன்று மில்லிமீட்டர், அமுக்கும் பென்சில்.
அதுவும் எச்பிதான்.
ஆனால் அத்தனை ஒல்லியில் எச்பி கூட முணுமுணுக்கும்.
கேட்கவில்லை என்று அழுத்தினால் உடையும்.
அவர் அழுத்துவார்.
அவர் நாற்காலிக்கடியில் எப்போதும் கரித்துணுக்குகள்.

என் வேலை இது:
மரத்தைச் சீவி ஆறு மில்லிமீட்டர் கரியை வெறும் மேனியாக நிறுத்த வேண்டும்.
உப்புத்தாளில் தேய்த்து நுனியை மட்டமாக்க வேண்டும்.
கூர் ஆகாது.
நாற்பத்தைந்து பாகைச் சாய்வு, முக்கால் கிலோ எடை,
சாயம் காய்ந்த தகட்டின் மேல் ஒரே தள்ளு.
கீறினால் ஒரு படி இறங்கு.
கீற முடியாமல் தோற்கிற முதல் பென்சில் எதுவோ
அதன் பெயரே சாயத்தின் பெயர்.

நவம்பரில் ஒரு தொகுதி.
இரண்டு எச் வர வேண்டும்.
மூன்று எச் கீறியது. சரி.
இரண்டு எச் கீறியது.
எச் கீறியது.
எஃப் வழுக்கிக்கொண்டு போயிற்று.
வேறு தகடு, வேறு தகடு.
எஃப், எஃப்.

"சூளை கொஞ்சம் ஆறிவிட்டது, அவ்வளவுதான்" என்றார் குபாட்.
"நாளைக்குச் சரியாகிவிடும், ட்ரஹோமீரா.
இப்போதைக்குப் பென்சிலில் எழுதிவை."

எழுதினேன்.
நான்கு எச்.
கையில் முக்கால் கிலோ இருந்திருக்கும்,
பதினோரு வருஷப் பழக்கம்.

மறுநாள் ரப்பர் துகளை அவரே ஊதித் தள்ளினார்.
அந்த இடத்தில் நீல மையில்
அழகாக இரண்டு எச்.
கதவுகள் லாரி ஏறிப் போயின.

மார்ச்சில் கிராட்ஸிலிருந்து தணிக்கைக்கு வந்த ஹெத்விக்
அதிகம் பேசவில்லை.
தாளை விளக்குக்குச் சாய்த்தார்.
இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.
"குழைவானது ஒன்று கிடைக்குமா?"
ஆறு பி கொடுத்தேன்.
அதைப் படுக்கவைத்து
தூங்குகிற பூனையின் முதுகைத் தடவுவதுபோல
ஒரே ஒரு முறை.

கரி மேட்டில் படிந்தது.
பள்ளத்துக்குள் இறங்கவில்லை.
கறுப்புக்கு நடுவே, நீலத்துக்கு அடியே,
சற்றுக் கோணலாக, வெள்ளையாக
எழுந்து வந்தது எஃப்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
குபாட்டின் பென்சில் மட்டும்
டிக், டிக், டிக்.
கரி தீர்ந்த பிறகும்.

அப்புறம் விசாரணையில் கேட்டார்கள்:
இத்தனை பென்சில் இருக்க ஏன் நான்கு எச்?
கைக்கு அகப்பட்டதை எடுத்தேன் என்றேன்.
எழுதிக்கொண்டார்கள், பேனாவால்.

கடைச் சீட்டை நான் பியில்தான் எழுதுவேன்.
முட்டை, வெங்காயம், சோப்பு.
பை உரசினாலே கலைந்துவிடும்,
கலையட்டும்.

பெட்டியில் நான்கு எச்
குழைந்த முனையிலிருந்து எண்ணினால் பதினைந்தாவது குழி.
விளக்கு அணைந்திருந்தாலும்
எனக்குத் தெரியும்.